உப்புப் பார்த்த கை

முட்டை தாங்கும்னு சொன்னா வளர்மதி. நேத்து போன்ல, நர்ஸிங் படிக்கிற தெம்புல, "அம்மா, நாளைக்கு உண்ணாவிரதத்துக்குப் போறதுக்கு முன்னாடி சோறு திங்காத, சோறு சட்டுன்னு செரிச்சுரும், முட்டையும் கொண்டக்கடலையும் தின்னுட்டுப் போ, சாயங்காலம் வரைக்கும் பசியே தெரியாது"ன்னு பெத்தவளுக்குப் பாடம் எடுத்தா. தின்னேன். மக சொன்னா கேக்கணுமில்ல. இப்போ பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடிப் பந்தல்ல உக்காந்து, மைக்குல ரெண்டாவது ஆளே இன்னும் பேசி முடிக்கல, அதுக்குள்ள என் வயிறு மூணாவது ஆளாப் பேச ஆரம்பிச்சுருச்சு. முட்டை தாங்கும்னா அது அவ வயித்தைத் தாங்கும். அவ வயிறு ஹாஸ்டல் வயிறு. என் வயிறு கம்மஞ்சோத்துல வளந்து ரேஷன் அரிசியில நிமிந்த வயிறு, அதுல சோறு விழுந்தாத்தான் அது சாப்பிட்டதாவே ஒத்துக்கிடும். காலையில அந்தக் கடலையை மெல்ல மெல்ல வாய்தான் வலிச்சுச்சு, வயிறு அப்படியே கதவுல சாஞ்சு நின்னு, சரி, சோறு எப்போ வருதுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல பாரு, முத்துராக்கு, அவளும் என்னை மாதிரிச் சத்துணவுச் சமையக்காரிதான். ஒரு பன்னை டீயில முக்கித் தின்னுட்டு வந்து உக்காந்திருக்கா, ஓணான் மாதிரி உடம்பு, கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு. காலையிலேயே கேட்டா கழுத, "மதினி, நீங்க இருந்துருவீகளா"ன்னு. எல்லாருமே அதைத்தான் நினைச்சாக. பேர் எழுதும்போது எங்க சங்கத்துத் தலைவி ஜெயக்கொடி அக்காகூட என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "சீனி, நீ பின்னால இருந்து தண்ணி கிண்ணி எடுத்துக் குடு, உக்காரறதுக்கு வேற ஆள் இருக்கு"ன்னு சொன்னாக. மாட்டேன்னுட்டேன். என் அடுப்பை அணைக்கப் போறாக, நான் பின்னால நின்னு தண்ணி எடுத்துக் குடுக்கவா. உக்காருவேன், சாயங்காலம் ஜூஸ் குடுக்கற வரைக்கும் பச்சத்தண்ணி தவிர எதுவும் வாயில படாம உக்காருவேன்னு சொல்லித்தான் உக்காந்தேன். சொன்ன சொல்லைக் கடலையை நம்பிச் சொல்லியிருக்கேன், அதான் இப்போ கஷ்டமா இருக்கு.

வர்ற திங்கக்கிழமையிலேருந்து எங்க பள்ளிக்கூடத்துக்கு வேன்ல சாப்பாடு வருமாம். பிள்ளைக கொறைஞ்சு போச்சாம், இத்தனை கொஞ்சம் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு அடுப்பும் ஒரு சமையக்காரியும் எதுக்கு, பெரிய ஊர்ல ஒரே அடுப்புல பொங்கி டப்பாவுல போட்டு ஒவ்வொரு ஊரா இறக்கிட்டுப் போயிரலாமாம். எங்க ஊரு மாதிரி இன்னும் பல ஊரு, ஒவ்வொண்ணுலயும் என்னை மாதிரி ஒருத்தி, எல்லாரும்தான் இந்தப் பந்தல்ல உக்காந்திருக்கோம். எங்களை எங்கயாவது மாத்தி விடுவாக, வேலை போகாதுன்னு சொல்றாக. வேலைக்காக மட்டும் வந்தேன்னு யாராவது சொன்னா வாயில கெட்ட வார்த்தைதான் வருது எனக்கு. சனிக்கிழமையாப் பாத்துத்தான் உக்காந்திருக்கோம், பள்ளிக்கூடத்து நாள்ல உக்காந்தா பிள்ளைக என்ன திங்கும். அதை முடிவு பண்ணவே பெரிய சண்டை. வாத்தியார் சங்கத்து ஆளு ஒருத்தர் வந்து, சனிக்கிழமை உக்காந்தா யாரு கண்டுக்குவா, வேலை நாள்ல அடுப்பு அணைஞ்சாத்தான் மேல இருக்கறவன் முழிப்பான்னு சொன்னாரு. நியாயமாத்தான் சொன்னாரு. ஆனா ஒருத்திகூடக் கை தூக்கல. அடுப்பை நாமளே அணைச்சுட்டு அணைக்காதேன்னு கேக்க வாய் வருமா. நல்ல வேளையா இன்னிக்கு உள்ள ஏதோ கூட்டம், சத்துணவு அதிகாரி மேடம் வந்திருக்காக, மாடி ஜன்னல்ல அவுக ஃபேன் ஓடறது தெரியுது. அவுக மேல எனக்குக் கோபம் கிடையாது. ஒருவாட்டி எங்க சமையக்கூடத்துக்கு வந்தப்போ சாப்பிடுங்கம்மான்னு கெஞ்சினேன், பையிலேருந்து சின்ன டப்பா ஒண்ணு எடுத்தாக, உள்ள வெள்ளரிக்காயும் ரெண்டு சப்பாத்தியும். அதைத் தின்னுட்டு நிறைஞ்சுருச்சும்மான்னு வயித்தைத் தடவிக்கிட்டாக, நெசமாவே நிறைஞ்சுதான் இருந்துச்சு, முகத்துல தெரிஞ்சுச்சே. எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. அதுல பாதி வெள்ளரிக்காயை நான் அரிவாமனையில உக்காந்தபடியே தின்னுருவேன்.

ஒவ்வொரு வயித்துக்கும் ஒவ்வொரு சாவி. எங்க வீட்டுக்காரரு பெத்துராசுக்கு எத்தனை குழம்பு வச்சாலும் ஒரு துண்டு கருவாடு சுட்டுப் போடாட்டா, என்னத்தடி ஆக்குனன்னு தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு, கருவாடு போட்டா பாதிச் சோத்துலயே ஏப்பம் வந்துரும். பள்ளிக்கூடத்துல ரெட்டைப் பிள்ளைக, மாரிச்செல்வி, முத்துச்செல்வி, ஒரே வயித்துல கிடந்ததுக. ஒருத்தி சுண்டல் போட்ட அன்னிக்குச் சோறே வேண்டாம்பா, இன்னொருத்தி அதே சுண்டலைத் தின்னுட்டு இன்னும் சோறு வரலையே பெரியம்மான்னு தட்டைத் தட்டுவா. இசக்கின்னு ஒருத்தன், சோத்துல ஆவி பறக்கணும் அவனுக்கு. வாய் வெந்தாலும் ஊதி ஊதித் தின்னுட்டு ஒரே தட்டுல எந்திரிச்சுருவான். ஆறிப் போச்சுன்னா ரெண்டு தட்டு திம்பான், மூணாவதுக்கும் வருவான், தின்னுட்டுப் போய் சாயங்காலம் வரைக்கும் பசிக்குதுன்னு அழுவான். சோறு அதே சோறுதான், அளவு கூடத்தான், ஆனா சூடு போச்சுன்னா அவனுக்கு அது சோறே இல்ல. எதுக்குன்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நாகஜோதிக்கு அடியில பிடிச்ச காந்தல் வேணும், ஒரு கை காந்தல் போதும், மத்தியானம் முழுக்க அவ யாரையும் கிள்ள மாட்டா. வேன் டப்பாவுல காந்தல் வருமா. டப்பாவுக்கு அடிப்பிடிக்குமா. இதையெல்லாம் மைக்குல சொல்லுன்னு ஜெயக்கொடி அக்கா சொன்னாக, எனக்கு மைக்கைப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கிடும். அதுவும் இப்போ நாக்கு வேற வேலையா இருக்கு, எதிர் டீக்கடையில வடை எண்ணெய்ல விழுற சத்தம் கேட்டு ஊறிக்கிட்டு இருக்கு. சவம், கேக்காத, காதை மூடிக்கோ, வேப்பம்பழம் விழுறதை எண்ணு. ஒண்ணு. அந்தா இன்னொண்ணு. வேப்பம்பழமும் இனிக்கத்தான் செய்யும், சின்னதுல தின்னுருக்கோமே. ஐயோ, அங்கயும் போய் நிக்குதே இந்தப் புத்தி.

கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் பசிச்சுச்சு. தாலி கட்டி முடிச்சு உக்கார வச்சு இலை போட்டாக, எல்லாரும் புதுப்பொண்ணு திங்கறதைப் பாக்க நிக்காக, நான் அதை எல்லாம் யோசிக்கல, குனிஞ்சு தின்னேன், சாம்பாருக்கு ஒருவாட்டி, ரசத்துக்கு ஒருவாட்டி, நல்லா இருந்துச்சு, அப்போ மாமியா பக்கத்துலேருந்து ஒரு குரல், பொண்ணு நல்லாத் திங்கும் போலயேன்னு. சிரிச்சாக. அவுகளும் கெட்ட எண்ணத்துல சொல்லல, சும்மா சொன்னதுதான். ஆனா அன்னிக்கு மோருக்கு நான் கை நீட்டல. அதுக்கப்புறம் நாலு பேருக்கு முன்னால உக்காந்து வயிறாறத் தின்ன ஞாபகமே இல்ல, பேருக்குக் கொஞ்சம் கொறிச்சுட்டு எந்திரிச்சு, எல்லாரும் போன பிறகு அடுப்படியில நின்னுக்கிட்டுச் சட்டியோட திம்பேன். சமையக்காரி ஆனதும் அது சௌகரியமாப் போச்சு, நிக்கறதுதான வேலை. தீனிக்காரின்னு ஊரே சொல்லுது, ஊருக்குத் தெரியாம நின்னுக்கிட்டேதான் திங்கறேன், அப்போ எங்கேருந்து தெரிஞ்சுச்சு. உடம்பு சொல்லிரும் போல. இருக்கட்டும். அந்த உடம்புதான் இன்னிக்கு உக்காந்திருக்கு, உக்காந்து காட்டணும். தலை லேசாச் சுத்துது. முன்னால உக்காந்திருக்கற அக்காவோட ஜாக்கெட்டுல இருக்கற பூ ஒண்ணு ரெண்டாத் தெரியுது. மயங்கி விழுந்துறக் கூடாது தாயே. விழுந்தா காவலுக்கு நிக்கற போலீஸ் ஏட்டய்யா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கலைங்க கலைங்கன்னு பந்தலையே பிரிச்சுருவாரு. திங்கவும் கூடாது. போன வருசம் வேற ஒரு ஊர்ல உண்ணாவிரதம் இருந்தப்போ பந்தலுக்குப் பின்னால நின்னு ஒருத்தி போண்டா தின்னதை எவனோ போன்ல எடுத்து ஊர் முழுக்க அனுப்பிட்டான். அவுக கேட்டது என்னன்னு இன்னிக்கு ஒருத்தருக்கும் ஞாபகமில்ல, போண்டா விரதம்னு பேர் மட்டும் நிக்குது. ஒரு போண்டா, அத்தனை பேரோட பட்டினியைத் தின்னுருச்சு. அதனாலதான் ஜெயக்கொடி அக்கா காலையிலேயே எல்லாரையும் நிக்க வச்சு, வெத்தலைகூடப் போடக் கூடாது, வாயை அசைச்சாலே அவனுக படம் எடுப்பானுகன்னு சொன்னாக. டீக்கடை பெஞ்சுல ஒரு கட்டம் போட்ட சட்டைக்காரன் உக்காந்து போனை இந்தப் பக்கமாவே பிடிச்சிருக்கான். எடுக்கானா, சும்மா பாக்கானா தெரியல.

வெயில் சாஞ்சதும் முத்துராக்கு தோளைத் தொட்டு, "மதினி, பின்னால வாங்க, சாயங்கால ஜூஸுக்கு எலுமிச்சம்பழம் அறுக்கணும், வேலை செஞ்சா தலைசுத்து போயிரும்"னு கூப்பிட்டா. நல்ல மனசுலதான் கூப்பிட்டா. போனேன். டிரம்முல தண்ணி, கோணியில பழம், நான் பிழிய அவ கலக்கினா. பிழியப் பிழியக் கையெல்லாம் மணம், வேலைன்னு வந்ததும் உடம்பு தானா நிமிந்துக்கிடுச்சு, பசிகூட ஓரமாப் போய் உக்காந்துக்கிடுச்சு. சீனி போட்டு, உப்புப் போட்டு, அவ கரண்டியை நீட்டி, "பாருங்க மதினி"ன்னா. அவ நிறம் பாக்கத்தான் சொல்லியிருக்கணும். நான் உள்ளங்கையைக் குழிச்சு நீட்டினேன், அதுல ஊத்தினா, நக்கினேன். நக்கி, நாக்கை மேலண்ணத்துல ஒட்டிப் பாத்து, "இன்னும் ஒரு கல் உப்பு"ன்னு சொல்லியும் முடிச்சுட்டேன். சொன்ன பிறகுதான் அவ மூஞ்சியைப் பாத்தேன். வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. பெறகு ஒரு கல் உப்பை எடுத்து டிரம்முல போட்டுக் கலக்கினா. நானும் முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்து பழைய இடத்துல உக்காந்துட்டேன். ஒரு சொட்டு. ரெண்டு சொட்டு இருக்குமா. முழுங்கினேனா, நாக்கோட நின்னுச்சா. முழுங்காம எப்படி உப்புச் சொன்னேன். துப்பியிருக்கலாம், துப்பணும்னு தோணவே இல்லையே. எத்தனை வருசமா இந்தக் கை உலையிலேருந்து எடுத்து இந்த வாயில வச்சிருக்கு, பிள்ளைகளுக்குப் போறதுக்கு முன்னால உப்புப் பாக்காம ஒரு நாளும் இறக்கினதில்ல, கை என்னைக் கேக்கவே இல்ல, தானாக் குழிஞ்சுக்கிடுச்சு. ஆனா கோயில்ல பொங்கல் வைக்கறப்போ குழியலையே. சாமிக்குப் படைக்காம வாயில வைக்கக் கூடாதுன்னு ஆவியை மோந்தே உப்புச் சொல்லுவேனே, அங்க நிக்கத் தெரிஞ்ச கைக்கு இங்க ஏன் நிக்கத் தெரியல. சாமிக்குப் பயந்தது, எங்க சங்கத்துக்குப் பயப்படல போல. அழுகையா வருது. சிரிப்பாவும் வருது. போண்டாவைக் கேலி பண்ணினேனே, நான் அதைவிடக் கேவலமா, நக்கிட்டு உப்புப் பத்தலன்னு வேற சொல்லியிருக்கேன்.

கட்டம் போட்ட சட்டைக்காரன் பாத்தானா. பந்தலுக்குப் பின்னால அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா. தெரியலைன்னா மட்டும் என்ன, எனக்குத் தெரியுமே, முத்துராக்குவுக்குத் தெரியுமே. அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா, ஆனா இனிமே என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் அந்தக் கரண்டி ஞாபகம் வரும். சும்மா விட்டுரு, ஒரு சொட்டுக்கு என்ன இவ்வளவு யோசனைன்னு வயிறு சொல்லுது. வயிறு அப்படித்தான் சொல்லும், அதுக்கு இன்னொரு டம்ளர் வேணும். சாயங்காலம் ஆனதும் எல்லாரோடயும் நீட்டுற டம்ளரை வாங்கிக் குடிச்சா என்ன ஆகும். ஒண்ணும் ஆகாது. எல்லாரும் கை தட்டுவாக, வீட்டுக்குப் போயிருவேன், சோறாக்கி நின்னுக்கிட்டே திம்பேன். திங்கக்கிழமை வேன் வரும். இசக்கி ஆறுன சோத்தை மூணு தட்டு தின்னுட்டு அழுவான். அப்போ நான் எங்க உக்காந்து எந்த மூஞ்சியோட, நாங்க பட்டினி கிடந்தோம், கேக்கலையேன்னு சொல்லுவேன். கிடக்கலையே. மத்தவுக கிடந்தாக, நான் கிடக்கல. இல்ல. அந்த டம்ளரை வாங்கக் கூடாது. காலையில உக்காந்தது உப்போட போச்சு, போகட்டும். நாளைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் முழுசா உக்காருவேன், அதுவரைக்கும் ராத்திரிக்கும் ஒண்ணும் கிடையாது, ஞாயித்துக்கிழமைதான, பிள்ளைகளுக்கும் இடைஞ்சல் இல்ல. நினைச்சதும் வேடிக்கையா இருக்கு, தலைசுத்து நின்னு போச்சு. வளர்மதியோட முட்டையும் கடலையும் செய்யாததை ஒரு முடிவு செஞ்சுருச்சு. காலையிலேருந்து காலியாக் கிடந்த வயிறு இப்போதான் கொஞ்சம் அடங்கி உக்காந்திருக்கு.

பொழுது சாயுற நேரத்துக்கு மேடம் ஆளு ஒருத்தர் இறங்கி வந்து, மேலிடத்துக்கு எழுதுறோம்னு சொன்னாருன்னு ஜெயக்கொடி அக்கா மைக்குல சொன்னாக. எழுதுவாக, எப்பவும் எழுதத்தான் செய்வாக. கை தட்டுனோம். முத்துராக்கு டம்ளரைத் தட்டுல அடுக்கிக்கிட்டு ஒவ்வொருத்தியாக் குடுத்துக்கிட்டு வந்தா, குடிச்சவுக எல்லாம், யாருடி கலக்குனது, அமிர்தமா இருக்குன்னாக. அந்த உப்பு. என்கிட்ட வந்ததும் அவ என் மூஞ்சியைப் பாக்காம டம்ளரை நீட்டினா. நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். பக்கத்துல இருந்தவுக எல்லாம் எந்திரிச்சுச் செருப்பைத் தேட ஆரம்பிச்சாக, நான் எந்திரிக்கல. ஜெயக்கொடி அக்கா வந்து குனிஞ்சு, "ஏய் சீனி, முடிஞ்சுருச்சுடி, குடி, முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு"ன்னாக. அக்கா காதுக்குப் பக்கத்துல மெதுவாச் சொன்னேன், "அக்கா, நான் உப்புப் பாத்துட்டேன்"னு. முதல்ல அவுகளுக்குப் புரியல. பெறகு டிரம்மைப் பாத்தாக, என் உள்ளங்கையைப் பாத்தாக. அவுகளும் சத்துணவுலயே வயசைக் கழிச்சவுகதான, சொல்லணுமா. "ஒரு சொட்டுதானடி, யாரு பாத்தா, குடிச்சுட்டு எந்திரி"ன்னாக. "முடியாதுக்கா, எனக்கு நாளைக்குச் சாயங்காலம்தான் முடியும்"னேன். "அடிப்பாவி"ன்னாக, திட்டுற மாதிரி இல்ல. அவுக கையில அவுகளுக்குக் குடுத்த டம்ளர் இன்னும் நிறைஞ்சு இருந்துச்சு, எல்லாரும் குடிச்ச பிறகுதான் குடிப்பாக, பரிமாறி முடிச்சுத் திங்கற பழக்கம் எங்க யாருக்குப் போகும். அந்த டம்ளரைக் கீழ வச்சுட்டு என் பக்கத்துல உக்காந்தாக. முத்துராக்கு கூடவே வந்து, "நான் குடிச்சுத் தொலைச்சுட்டேனே மதினி, சரி, நாளைக்குக் காலையில புதுசா ஆரம்பிச்சுக்கிடுறேன், இன்னிக்குப் போய் ஒரு பன் மட்டும் தின்னுட்டு வந்துரவா"ன்னா. எனக்கு அப்போதான் சிரிப்பு வந்துச்சு, அழுகை கலக்காத சிரிப்பு. செருப்பைத் தேடுனவுகள்ல ரெண்டு மூணு பேர் நின்னு எங்களைப் பாத்தாக. அந்தச் சட்டைக்காரன் போனைத் தூக்கிக்கிட்டு நேரா வந்து நிக்கான், எடுத்துக்கோ, நல்லா எடு, டம்ளர் கீழ நிறைஞ்சு இருக்கறது தெரியற மாதிரி எடு.

ஏட்டய்யா வந்து பந்தல்காரன் வந்துட்டான்னு சொல்லிப் பாத்தாரு, கயிறை வேணா அவுத்துக்கிடட்டும், மரத்தை அவுக்க மாட்டாகல்லன்னு ஜெயக்கொடி அக்கா சொன்னாக. நின்னவுகள்ல ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டுத் திரும்ப வந்து உக்காந்தா. அவளைப் பாத்து இன்னொருத்தி. மாடி ஜன்னல்ல யாரோ எட்டிப் பாத்தாக, வெள்ளரிக்காய் மேடமாத்தான் இருக்கணும், அவுகளுக்கும் வீட்டுக்குப் போற நேரம், எங்களைத் தாண்டித்தான் ஜீப்பு போகணும். பெறகு ஆபீஸ் பியூன் இறங்கி வந்து, யாருகிட்டக் கேக்கன்னு தெரியாம முழிச்சு, உடம்புல பெரியவளா இருந்ததாலயோ என்னவோ நேரா என்கிட்ட வந்து, "மேடம் கேக்கச் சொன்னாங்க, நாளைக்கும் இருப்பீங்களா"ன்னாரு. மைக்கைப் பாத்தா ஒட்டிக்கிடுற நாக்கு, எலுமிச்சம்பழமும் உப்பும் பட்ட நாக்கு, ஒட்டல. "நாளைக்கும் இருப்போம்"னு சொன்னேன். "திங்கக்கிழமை காலையில மட்டும் இருக்க மாட்டோம், அடுப்பு பத்த வைக்கப் போகணும்."